பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே

ஜேசுரட்ணம் தன் வாழ்நாளில் எந்த இடிபாட்டையும் காசு கொடுத்துப் பார்த்ததில்லை. ஊரில் சண்டையில் இடிந்த கட்டடங்களைக் காசில்லாமலே வேண்டிய அளவு பார்த்துவிட்டுத்தான் முப்பத்தொரு வருடத்துக்கு முன் கொலோனுக்கு வந்து சேர்ந்தவர். அப்படிப்பட்ட மனிதரை ஒரு வெள்ளிக்கிழமை காலை, ரோமர் கட்டிவிட்டுப் போன சுவர்களைப் பார்க்கவென்று பதினொரு ஜெர்மன்காரரோடு வரிசையில் நிற்க வைத்தவள் அவருடைய ஒரே மகள் சாண்ட்ரா.

அதுவும் எந்த வெள்ளிக்கிழமை! வருடத்தில் ஐம்பத்திரண்டு கிடக்க, இந்த ஒன்றையா அவள் பிடிக்க வேண்டும்? இன்றைக்குத்தான், பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே, டொக்டர் அம்மா போன் எடுத்துச் சொல்வதாக இருந்தது: டொறத்தியின் இடது மார்பில் இருக்கும் கட்டி புற்றுநோயா இல்லையா என்று.

டொறத்தி அவருடைய மனைவி. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட கட்டி அது. பத்து நாளுக்கு முன் ஊசி போட்டு அதிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். இது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். சாண்ட்ராவுக்கு மட்டும் தெரியவே கூடாது. அவள் ஆஹென் நகரத்தில் பொறியியல் படிக்கிறாள், கடைசிப் பரீட்சைக்கு இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது. "பிள்ளை சோதினையை முடிக்கட்டும், அதுக்குப் பிறகு பாப்பம்" என்று டொறத்தி சொன்னாள், ஜேசுரட்ணமும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். நம் ஆட்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே, கடையில் நிற்கிறேன், பிறகு எடுக்கிறேன் என்று போனில் சொல்லக்கூடியவர்கள்.

டொறத்தி அப்படித்தான் செய்தாள். ஊசி போட்ட அன்று மகள் வீடியோவில் வந்து, "ஏன் அம்மா கையைத் தூக்கிறீங்களில்லை?" என்று கேட்டபோது, குளிருக்குத் தோள் பிடித்துவிட்டது என்றாள். சித்திரை மாதத்தில் என்ன குளிர் என்று சாண்ட்ரா கேட்கவில்லை. தப்பித்தோம் என்று இருவரும் நினைத்தார்கள்.

அப்புறம் புதன்கிழமை சாண்ட்ரா போன் எடுத்தாள்.

"அப்பா, உங்கட முப்பதாவது கலியாண நாளுக்கு நான் ஒண்டும் தரேல்லை எல்லோ. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மூண்டு டிக்கெற் எடுத்திருக்கிறன். நிலத்துக்குக் கீழ ரோமன் காலத்துக் கட்டடம். ஒருத்தர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். முக்கால் மணித்தியாலம்தான்."

"வெள்ளிக்கிழமை எனக்கு வேலை பிள்ளை."

"அண்டைக்கு நீங்கள் லீவு எண்டு சொன்னனீங்களே."

சொன்னதாக ஜேசுரட்ணத்துக்கு ஞாபகமில்லை. ரொட்டித் தொழிற்சாலையில் அந்த ஒரு நாள் லீவைக் கேட்டு எடுத்தது ஒருவருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் வயது அறுபத்திரண்டாகிறது, வாய் தவறிச் சொல்லியிருப்பார். வேறு சாட்டு ஒன்றும் உடனே வாயில் வரவில்லை. வர முடியாது என்று சொல்ல ஒரு பொய், அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் என்று போனால் பிள்ளைக்குச் சந்தேகம் வந்துவிடும். "சரி, வாறம்" என்று சொல்லிவிட்டார்.

போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் எங்கே நின்றாலும் பேசலாம்தானே? அதுதான் அவர் போட்ட கணக்கு. டொக்டரின் வரவேற்பு மேசையில் இருந்த பெண் நம்பர் கேட்டபோதும் அவர் தடுமாறவில்லை. ஜெர்மன் மொழியில் எல்லா வசனத்தையும் முறித்து முறித்துப் பேசுகிறவர், நம்பரை மட்டும் கடகடவென்று ஒப்புவித்துவிட்டு வந்தார்.

வாசலில் சாண்ட்ரா காத்து நின்றாள். தாயைக் கண்டால் பாய்ந்து கட்டிப்பிடிக்கிறவள், அன்றைக்கு வலது பக்கமாக வந்து மெல்ல அணைத்துக்கொண்டாள். பிள்ளை மெலிந்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சோதனைப் படிப்பு, வேறென்ன என்று ஜேசுரட்ணம் நினைத்தார்.

குழுவைக் கூட்டிப்போக வந்தவர் லிண்ட்னர் என்ற அம்மா. எழுபது வயது இருக்கும், சிவப்பு மழைச்சட்டை, பள்ளிக்கூட ரீச்சரின் குரல். மூன்று கட்டளை போட்டார். சுவரைத் தொடக்கூடாது. குழுவை விட்டுப் பிரியக்கூடாது. உள்ளே இறங்கினால் சுற்றி முடித்து மறுபக்கத்தால்தான் வெளியே வரலாம், நடுவில் திரும்ப முடியாது. எல்லோரும் தலையாட்டினார்கள். சாண்ட்ரா மட்டும் கிட்டப்போய் அவருடைய காதுக்குள் என்னவோ சொன்னாள். லிண்ட்னர் அம்மா அவளுடைய முகத்தைப் பார்த்தார், பிறகு டொறத்தியின் முகத்தைப் பார்த்தார், தலையாட்டினார்.

இருபத்தெட்டுப் படி. ஜேசுரட்ணம் போனைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். மேலே நான்கு கோடு காட்டிய சிக்னல் பத்தாவது படியில் இரண்டாயிற்று, இருபதாவது படியில் ஒன்றாயிற்று, கீழே காலை வைத்தபோது ஒன்றுமேயில்லை.

"இஞ்சேரப்பா" என்று டொறத்தியை மெல்லக் கூப்பிட்டார். "இஞ்ச போன் வேலை செய்யாது."

"மாதாவே! அப்ப டொக்டர் எடுத்தால்?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

"என்னட்டக் கேட்டு? நீங்கள்தானே ஓமெண்டு சொன்னனீங்கள்!"

"நீரும்தான் பக்கத்தில நிண்டனீர்."

முன்னால் நின்ற மீசைக்காரர் திரும்பிப் பார்த்தார். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். மணி பத்து பத்து. டொறத்தி கோட்டுப் பைக்குள் கையை விட்டாள், உள்ளே செபமாலை நகர்கிற சத்தம் ஜேசுரட்ணத்துக்குக் கேட்டது. ஆவணியில் கெவலார் மாதா கோயிலுக்கு நடந்தே வருவதாக அவள் ஏற்கெனவே நேர்ந்துவிட்டாள். காலில் மூட்டு வலி இருக்கிறதே என்று அவர் சொன்னதற்கு, அது உங்களுடைய மூட்டில்லை என்று பதில் வந்தது.

விளக்கு வெளிச்சத்தில் கற்சுவர்கள் மஞ்சளாக நின்றன. லிண்ட்னர் அம்மா சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் பேசினார். ஒரு செங்கல்லைக் காட்டினார், அதில் நாயின் கால் அடையாளம் பதிந்திருந்தது. ஈரச் செங்கல்லை வெயிலில் காயப்போட்டிருந்தபோது நாய் ஒன்று மேலால் ஓடியிருக்கிறதாம், ஆயிரத்தெண்ணூறு வருடத்துக்கு முன். எல்லோரும் குனிந்து குனிந்து படம் எடுத்தார்கள். ஜேசுரட்ணமும் குனிந்தார், ஆனால் அவர் பார்த்தது கைக்கடிகாரத்தை. பத்து பதினெட்டு.

அவருடைய மைத்துனி அன்ரனிற்றாவுக்கு நாலு வருடத்துக்கு முன் இதே மாதிரிச் சோதனை நடந்தது. அவள் சொன்ன ஒரு விஷயம் பத்து நாளாக அவர் தலைக்குள் நின்றுகொண்டிருந்தது. "நல்லதெண்டால் போனிலயே சொல்லிப்போடுவினம் அத்தான். கூடாததெண்டால் போனில சொல்லாயினம், டெர்மின் எண்டு ஒரு நாள் குறிச்சுத் தந்து நேர வரச்சொல்லுவினம்." அன்ரனிற்றாவுக்கு டெர்மின்தான் கொடுத்தார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள், ஆனால் அந்த ஒரு வருடத்தை ஜேசுரட்ணம் இன்னும் மறக்கவில்லை. முப்பது வருடம் பக்கத்தில் படுத்து எழும்பிய மனுசி. அவள் இல்லாமல் எந்த அலுமாரியில் எது இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. இந்த யோசனை வந்ததும் அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

இனிப் பொறுக்க ஏலாது என்று லிண்ட்னர் அம்மாவிடம் போனார். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றார். அவர் மிகவும் மரியாதையாக, இன்னும் இருபத்தைந்து நிமிடத்தில் மறுபக்கத்தில் இருக்கிறது என்றார். திரும்பி வந்த வழியைப் பார்த்தபோதுதான் ஜேசுரட்ணம் கண்டார்: சாண்ட்ரா இன்னும் கீழே இறங்கவேயில்லை. மேலே கதவை அரைவாசி திறந்து வைத்துக்கொண்டு, முதல் படியில் குந்தியிருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருக்குக் கோபம் ஏறிவிட்டது. எங்களுக்குக் கட்டளை, இவளுக்கு மட்டும் கதவா? கூட்டிக்கொண்டு வந்தது இவள், ஜெர்மனைத் தமிழில் சொல்லித்தர வேண்டியவள் இவள், இவள் அங்கே இருந்து போனை நோண்டுகிறாள்!

அந்த நேரம்தான் மணி அடித்தது. அவருடைய போன் இல்லை. சாண்ட்ராவுடைய போன்.

சத்தம் கல்லில் பட்டுக் கீழே வரை வந்தது. குழு முழுவதும் திரும்பியது. லிண்ட்னர் அம்மா மட்டும் பேச்சை நிறுத்திவிட்டுப் படியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மரியாதை தெரியாத பிள்ளை" என்றார் ஜேசுரட்ணம்.

"பேசாமல் இருங்கோ" என்றாள் டொறத்தி.

சாண்ட்ரா ஜெர்மன் மொழியில் பேசுவது கேட்டது. ஓம், நான்தான் மகள் என்றாள். அம்மா இங்கேதான் நிற்கிறார் என்றாள். அதற்குப் பிறகு வெகுநேரம் ஒன்றுமே பேசவில்லை. ஜேசுரட்ணத்தின் மூளைக்குள் என்னவோ மெல்ல மெல்ல அசையத் தொடங்கியது. எந்த அம்மா? ஏன் மகள் என்று சொல்கிறாள்? அப்போது மேலேயிருந்து அந்தச் சொல் தெளிவாக வந்து விழுந்தது.

டெர்மின்.

விழாமல் இருக்க ஜேசுரட்ணம் கையை நீட்டி, தொடவே கூடாது என்று சொன்ன சுவரை இறுகப் பிடித்துக்கொண்டார். டொறத்தி அவரைப் பார்க்கவில்லை. படியையே பார்த்தபடி, பைக்குள் இருந்த கையை வெளியே எடுத்துவிட்டாள். செபமாலை விரல்களில் சுற்றியிருந்தது.

சாண்ட்ரா இருபத்தெட்டுப் படியையும் ஓடியே இறங்கினாள். மீசைக்காரரை இடித்துக்கொண்டு வந்து தாயின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"அம்மா, ஒண்டுமில்லை. கான்சர் இல்லை அம்மா."

"என்ன கான்சர்?" என்றாள் டொறத்தி.

"உங்கட கட்டி."

"எந்தக் கட்டி? எனக்கு ஒரு கட்டியுமில்லையே. நீ சோதினைக்குப் படி."

ஆண்டவரே, அந்த நேரத்திலும் மறைக்கிறாளே மனுசி! ஜேசுரட்ணத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சாண்ட்ராவுக்கு அழுகை மட்டும்தான் வந்தது.

"அம்மா, இடப்பக்கக் கட்டி. ஊசி போட்டது. டொக்டர் இப்ப எடுத்துச் சொன்னவ. ஒரு பயமும் இல்லையாம், அது அப்பிடியே கிடக்கட்டாம், வெட்டத் தேவையில்லையாம். ஆறு மாசம் கழிச்சு ஒருக்கா வந்து காட்டட்டாம். ஒக்டோபரில டெர்மின் போட்டிட்டன்."

"ஆறு மாசமோ?" என்று ஜேசுரட்ணம் கேட்டார். "கெதியா வரச் சொல்லேல்லையோ?"

"இல்லை அப்பா. ஒக்டோபர்."

அவருக்கு அந்த மாதத்தின் பெயரை இன்னும் நாலு தரம் கேட்க வேண்டும் போலிருந்தது. டொறத்தி அப்படியே மகளுடைய தோளில் முகத்தை வைத்து, சத்தம் போட்டு அழுதாள். பத்து நாளாக அழாத அழுகை. பதினொரு ஜெர்மன்காரரும் நாயின் காலடியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். லிண்ட்னர் அம்மா மட்டும் கிட்ட வந்தார். "நல்ல செய்தியா?" என்று கேட்டார். சாண்ட்ரா தலையாட்டியதும் கைப்பையிலிருந்து ஒரு பொதி கடதாசிக் கைக்குட்டையை எடுத்து முழுதாகவே கொடுத்துவிட்டார். ஜேசுரட்ணத்திடம், இனிச் சுவரை விடலாம் என்றார்.

"அதுசரி, உனக்கு ஆர் சொன்னது?" என்று டொறத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். அழுகை முடிந்ததும் கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "அன்ரனிற்றாவோ? அவளுக்கும் தெரியாதே! நீங்கள்தான் உளறியிருப்பீங்கள்."

"நான் மூச்சும் விடேல்லை" என்றார் ஜேசுரட்ணம்.

"மேல போய்ச் சொல்லுறன்" என்றாள் சாண்ட்ரா. "இப்ப நடவுங்கோ, எல்லாரும் எங்களுக்காக நிக்கினம்."

சுற்றுலாவின் மீதிப் பாதி மாதிரி ஒன்றை ஜேசுரட்ணம் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை. எல்லாமே நன்றாக இருந்தன. ஈர வாடை நன்றாக இருந்தது. தூண்கள் நன்றாக இருந்தன. மீசைக்காரரைக் கண்டால் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. ரோமர் தரைக்குக் கீழே நெருப்பு மூட்டி, அந்தச் சூட்டில் மேலே காலாறக் கிடந்தார்கள் என்று லிண்ட்னர் அம்மா விளக்கியபோது, டொறத்தி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கினாள். தூக்கிய கை இடது கை. முப்பது வருடம் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தவளுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"சாம்பல் அள்ளினது யார்?" என்று தன் ஜெர்மனில் கேட்டாள்.

லிண்ட்னர் அம்மா பூரித்துப் போனார். பதினான்கு வருடமாக இந்த வேலை செய்கிறேன், ஒருவரும் இதைக் கேட்டதில்லை என்றார். அடிமைகள் தவழ்ந்து போய் அள்ளியிருப்பார்கள், ஒல்லியான ஆட்களைத்தான் அனுப்பியிருப்பார்கள் என்றார். "அப்ப உங்களை விட்டிருக்க மாட்டினம்" என்று டொறத்தி புருசனின் வயிற்றைப் பார்த்துச் சொன்னாள். அவள் கேலி செய்து பத்து நாளாயிற்று. ஜேசுரட்ணம் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

கடைசியில் கழிவுநீர் வாய்க்கால். ஆள் குனிந்து நடக்கிற உயரம். சாண்ட்ரா முன்னால், டொறத்தி நடுவில், ஜேசுரட்ணம் பின்னால். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் ஒரு நகரத்தின் அழுக்கு முழுவதும் ஓடிய வழி அது. அவர் அதில் கோயிலுக்குப் போகிறவர் போல நடந்தார். இரண்டு தரம் தலை இடிபட்டது, நோகவில்லை.

மறுபக்கத்தால் ஏறினால் வெயில். வெளிவாசலில் ஒரு சிறு மேசை, அதில் கடதாசிகள். அடுத்த சுற்றுலாக்களைப் பற்றி அறிய விரும்புகிறவர்கள் பெயரையும் நம்பரையும் எழுதிவிட்டுப் போகலாம் என்றார் லிண்ட்னர் அம்மா. ஜெர்மன்காரர் எல்லோரும் நன்றி சொல்லிவிட்டு நழுவினார்கள். ஜேசுரட்ணம் அன்றைக்கு எதற்கும் ஓம் சொல்லக்கூடிய நிலையில் இருந்தார்.

"எழுதுவம்" என்றார். "நல்ல மனுசி. இன்னொருக்கா வருவம்."

பேனையை வாங்கினார். பெயரை எழுதினார். நம்பரை நிறுத்தாமல் ஒரே மூச்சில் எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்தபோது, சாண்ட்ரா அவருடைய தோளுக்கு மேலால் கடதாசியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்பிடித்தான் அப்பா எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்பிடி?"

"இது ஆற்ற நம்பர்?"

"என்ர..." என்று தொடங்கியவர் கடதாசியைத் திரும்பப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

அது சாண்ட்ராவின் நம்பர். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் முதல் போன் வாங்கிக் கொடுத்த நாளிலிருந்து இந்த வீட்டின் கந்தோர், அலுவலகம் எல்லாம் அவள்தான். வாடகைக் கடிதம், வரிக் கடிதம், விசா அந்திராக் படிவம், பல் டொக்டர், மின்சாரக்காரர், எந்தப் படிவத்தில் எந்தப் பெட்டி வந்தாலும் அவர் எழுதுகிற நம்பர் ஒன்றுதான். அந்தப் பக்கம் ஜெர்மன்காரர் கதைத்தால் பதில் சொல்ல அவள்தானே இருந்தாள். மகளுக்குத் தெரியவே கூடாத விஷயத்துக்கும் மனுசன் மகளுடைய நம்பரைத்தான் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்!

"ஐயோ, என்ர மனுசா" என்றாள் டொறத்தி. "ஆனால் நோயாளியின்ர விஷயத்தை வேற ஆளுக்குச் சொல்ல மாட்டினமே?"

"நீங்கள்தான் அம்மா கையெழுத்து வைச்சனீங்கள். உங்களுக்குப் பித்தப்பைக் கல்லு எடுத்த நேரம், என்னட்டச் சொல்லலாம் எண்டு. அது இன்னும் அவையின்ர ஃபைலில கிடக்குது."

"எப்ப இருந்து தெரியும் உனக்கு?" என்று ஜேசுரட்ணம் கேட்டார்.

"நீங்கள் டெர்மின் எடுத்த அண்டே எஸ்.எம்.எஸ் வந்தது. பயொப்ஸி, டொறத்தி ஜேசுரட்ணம், செவ்வாய்க்கிழமை எட்டரை. முடிவை அதுக்கு அடுத்த கிழமை வெள்ளி, பத்துக்கும் பதினொண்டுக்கும் நடுவில போனில சொல்லுவினமாம். நான் பஸ்சில இருந்தனான். இறங்க வேண்டிய இடத்தை விட்டு மூண்டு ஸ்ரொப் தாண்டிப் போயிட்டன்." சாண்ட்ரா சிரிக்கப் பார்த்தாள். "பதினாறு நாள் அப்பா. புத்தகத்தைத் திறந்தால் ஒண்டும் தெரியாது. இரவில நித்திரையும் இல்லை."

"எங்களைக் கேட்டிருக்கலாமே பிள்ளை!"

"நீங்கள் எனக்குத் தெரியக்கூடாதெண்டு எவ்வளவு பாடுபட்டனீங்கள். எனக்குத் தெரியுமெண்டு தெரிஞ்சால் அதுக்கும் சேர்த்துக் கவலைப்படுவீங்கள் எண்டுதான் சொல்லேல்லை. இண்டைக்கு வீட்டில இருந்தால் ரெண்டு பேரும் போனைப் பாத்துப் பாத்தே விழுந்திடுவீங்கள். ஒரு மணித்தியாலம் உங்களை எங்கயாவது பூட்டி வைக்க இடம் தேடினன். இதுதான் கிடைச்சது."

பிள்ளை நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று அவர்கள் இருவரும் மறைத்தார்கள். வீட்டில் அவர்களுக்கு ஆளுக்கு ஆள் துணை இருந்தது. ஆஹெனில் ஒரு சின்ன அறைக்குள் அவள் தனியாக இருந்து இதைச் சுமந்திருக்கிறாள். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு படிப்பினால் வந்ததில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

பேனையை எடுத்து அந்த நம்பரைக் குறுக்கே வெட்டினார். இரண்டு தரம் அழுத்தி வெட்டினார்.

"பிள்ளை, என்ர நம்பர் என்ன?"

"அப்பா!"

"சத்தியமாத் தெரியாது. ஒருநாளும் ஆருக்கும் குடுக்கேல்லை. சொல்லு, எழுதுறன்."

லிண்ட்னர் அம்மா பொறுமையாக நின்றார். சாண்ட்ரா ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள், அவர் ஒவ்வொன்றாக எழுதினார். "என்ரையையும் கீழ எழுதுங்கோ" என்றாள் டொறத்தி. அவளுடைய நம்பரும் அவளுக்குத் தெரியவில்லை, அதையும் மகள்தான் சொன்னாள்.

திரும்பிப் போகிற ட்ராமில் ஜேசுரட்ணம் தன் நம்பரைப் பாடமாக்கினார். பூச்சியம், ஒன்று, ஏழு, ஒன்பது என்று உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டு போனார். இனி எந்தப் படிவத்திலும் இதுதான். ஏழாவது இலக்கத்தில் மறந்துவிட்டது. கேட்கலாம் என்று எதிர் இருக்கையைப் பார்த்தார்.

சாண்ட்ரா நித்திரையாகிவிட்டாள். வாயைக் கொஞ்சம் திறந்தபடி, பையை மடியில் விட்டபடி, தாயின் இடது தோளில் சாய்ந்து தூங்கினாள். ஊசி போட்ட பக்கம் அது. நோகாதா என்று ஜேசுரட்ணம் கண்ணால் கேட்டார். பேசாமல் இருங்கோ என்று டொறத்தி கண்ணாலேயே சொன்னாள்.

அவர்கள் இறங்க வேண்டிய இடம் வந்தது. கதவு திறந்து மூடியது. ஒருவரும் அசையவில்லை.